காற்றும் இரத்தமும் சந்திக்கும் இடம்: நுரையீரல் எப்படி வேலை செய்கிறது?

2020-ல் கொரோனா பரவத் தொடங்கியபோது கைபேசி கைபேசியாகச் சுற்றிய ஒரு செய்தி பலருக்கும் நினைவிருக்கும். மூச்சை இழுத்துப் பத்து நொடி அடக்கிப் பாருங்கள், இருமல் வராவிட்டால் நுரையீரல் நன்றாக இருக்கிறது, தொற்று இல்லை என்றது அந்தச் செய்தி. உலக சுகாதார நிறுவனம் இதை வெளிப்படையாகவே மறுத்தது. ஆனாலும் இதை நம்பி நிம்மதியாக இருந்துவிட்டவர்கள் உண்டு.

அந்தச் செய்திக்குப் பின்னால் நம் எல்லோர் மனதிலும் இருக்கிற ஒரு படம் இருக்கிறது. நுரையீரல் என்றால் நெஞ்சுக்குள் இரண்டு பலூன்கள், பெரிய பலூன் என்றால் நல்ல நுரையீரல், நிறைய காற்றை இழுத்தால் நிறைய ஆக்சிஜன். இந்தப் படத்திலிருந்துதான் "ஆழமாக மூச்சு விட்டால் ஆக்சிஜன் ஏறும்", "நுரையீரலைப் பெரிதாக்கும் பயிற்சி" என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. உண்மையில் நுரையீரலின் திறன் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதில் கொஞ்சம்தான் இருக்கிறது. போன காற்று எவ்வளவு இரத்தத்தை, எவ்வளவு நெருக்கத்தில் சந்திக்கிறது என்பதில்தான் மீதி எல்லாம்.

## மூச்சை இழுப்பது நுரையீரல் இல்லை

முதலில் ஒரு ஆச்சரியம். நுரையீரலுக்குத் தன்னை விரித்துக்கொள்ளத் தசையே கிடையாது. நெருப்பை ஊதும் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். துருத்தியின் பை தானாக விரிவதில்லை, கைப்பிடியை யாரோ இழுக்கிறார்கள், உள்ளே இடம் கூடுகிறது, வெளிக்காற்று தானே வந்து நிறைகிறது. நம் உடம்பில் அந்தக் கைப்பிடி உதரவிதானம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிந்திருக்கும் தசை அது. அது சுருங்கும்போது குடை தட்டையாகிக் கீழே இறங்குகிறது, விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் நெஞ்சுக்கூட்டைக் கொஞ்சம் தூக்கி விரிக்கின்றன, உள்ளே இடம் கூடி அழுத்தம் குறைகிறது, காற்று வருகிறது.

நெஞ்சுக்கூடு விரிந்தால் நுரையீரலும் ஏன் கூடவே விரிய வேண்டும்? இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஒட்டிப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், ஆனால் பிரித்தெடுக்க முடியாது. நுரையீரலின் மேல்சவ்வும் நெஞ்சுக்கூட்டின் உட்சவ்வும் மெல்லிய திரவப் படலத்தால் அப்படித்தான் சேர்ந்திருக்கின்றன. அந்த இடைவெளிக்குள் காற்று புகுந்துவிட்டால் நுரையீரல் சுருங்கிவிடும், அது அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை.

மூச்சை வெளியே விடுவது இன்னும் எளிது. இழுத்த ரப்பரை விட்டால் தானே சுருங்குவது போல நுரையீரல் தன் மீள்தன்மையால் சுருங்குகிறது, அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது அதற்குத் தசை வேலையே தேவையில்லை. இழுப்பதற்கும் பெரிய பலம் வேண்டியதில்லை. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் பத்து மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணின் அழுத்தத்துக்குச் சமம். சாதாரண மூச்சுக்கு நுரையீரலுக்குள் குறைய வேண்டிய அழுத்தமோ அதே கணக்கில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான்.

சரி, இதுவரை: நுரையீரல் இழுபடுகிறது, அதனால் விரிகிறது. விட்டால் தானே சுருங்குகிறது. செலவு மிகக் குறைவு.

## அரை லிட்டர் காற்றின் கணக்கு

வளர்ந்த ஒருவரின் இரண்டு நுரையீரலும் சேர்ந்து முழுவதும் விரிந்தால் சுமார் 6 லிட்டர் காற்று கொள்ளும். ஆனால் சும்மா இருக்கும்போது ஒரு மூச்சில் உள்ளே போய் வருவது சுமார் 500 மில்லி லிட்டர்தான். மூச்சை விட்ட பிறகும் உள்ளே இரண்டு லிட்டருக்கு மேல் காற்று தங்கியே இருக்கும். எவ்வளவு முக்கி ஊதினாலும் ஒரு லிட்டருக்குச் சற்று மேலான காற்று வெளியேறாமல் உள்ளேயே மிஞ்சும்.

பழைய காற்று தங்குவது குறை மாதிரி தெரியும், ஆனால் நன்மைதான். ஒவ்வொரு மூச்சிலும் முழுக்கக் காலியாகி முழுக்க நிறைந்தால் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு ஏறி இறங்கி ஊஞ்சலாடும். பெரிய தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தண்ணீர் சேர்வது போல, தங்கியிருக்கும் காற்றோடு புதுக்காற்று கலப்பதால் அளவு ஏறக்குறைய சீராக இருக்கிறது.

இன்னொரு விஷயம், உள்ளே போகும் 500 மில்லியில் சுமார் 150 மில்லி, மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் என்று வழியிலேயே நின்றுவிடும். அந்த வழிகளில் வாயுப் பரிமாற்றம் நடப்பதில்லை, அதனால் அந்தக் காற்று அப்படியே திரும்பி வருகிறது. இதை வழிக்காற்று என்று வைத்துக்கொள்வோம். இதை வைத்து ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒருவர் நிமிடத்துக்கு 12 முறை, ஒவ்வொரு முறையும் 500 மில்லி இழுக்கிறார். இன்னொருவர் படபடவென்று 24 முறை, 250 மில்லி இழுக்கிறார். இருவருமே நிமிடத்துக்கு 6 லிட்டர்தான். ஆனால் முதலாமவருக்கு ஒவ்வொரு மூச்சிலும் 350 மில்லி உள்ளே சேர்கிறது, மொத்தம் 4.2 லிட்டர். இரண்டாமவருக்கு 100 மில்லிதான், மொத்தம் 2.4 லிட்டர். ஒரே அளவு காற்று, ஒரே நேரம், பலன் ஏறக்குறைய பாதி. நிதானமான மூச்சு நல்லது என்று சொல்வதில் இவ்வளவு எளிய கணக்கு ஒளிந்திருக்கிறது என்பதை நான் முதலில் படித்தபோது உடனே ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

தண்ணீருக்கு அடியில் நீளக் குழாய் வைத்து மூச்சு விட முடியாமல் போவதற்கும் இது ஒரு காரணம். குழாய் நீள நீள வழிக்காற்று கூடி, விட்ட காற்றையே திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். ஆழத்தில் நெஞ்சை அமுக்கும் தண்ணீரின் அழுத்தம் அதற்கும் மேல்.

## கிளை விட்டு, மடித்து, மெலிந்து

இப்போது நுரையீரலுக்குள் இறங்குவோம். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாக, அப்புறம் மறுபடி இரண்டாக, இப்படிச் சுமார் 23 முறை. தலைகீழாக நிற்கும் ஒரு மரம் என்று சொல்லலாம். கடைசிக் கிளைகளின் நுனியில் இலைகளுக்குப் பதிலாகக் காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 0.2 மில்லி மீட்டர் அகலமுள்ள சின்னக் குமிழ். எண்ணிக்கை 30 கோடி முதல் 50 கோடி வரை.

ஏன் இவ்வளவு பொடியாக? பலூன் கற்பனை முழுசாக உடையும் இடம் இதுதான். ஒவ்வொரு நுரையீரலும் 3 லிட்டர் கொள்ளும் வெறும் பலூனாக இருந்தால், இரண்டின் உட்பரப்பும் சேர்ந்து 0.2 சதுர மீட்டர்தான் வரும், ஒரு சின்னத் துண்டு விரிக்கும் அளவு. அதே இடத்தைக் கோடிக்கணக்கான குமிழ்களாகப் பிரித்ததால் உட்பரப்பு சுமார் 70 சதுர மீட்டர். பாட்மின்டன் ஆடுகளத்தை விடக் கொஞ்சம்தான் சிறியது. நெஞ்சுக்குள் அவ்வளவு பெரிய விரிப்பை மடித்து வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறோம்.

பரப்பு மட்டும் போதாது, மெலிவும் வேண்டும். நுண்ணறையின் சுவரைச் சுற்றித் தந்துகிகள், அதாவது சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக நெருக்கியடித்துப் போகிற அளவுக்கு மெல்லிய இரத்தக் குழாய்கள், வலை போலப் பின்னிக் கிடக்கின்றன. இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் இரத்தம். நடுவே உள்ள சுவரின் தடிமன் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தலைமுடி இதைவிடப் பல பத்து மடங்கு தடிமன்.

எந்த நொடியிலும் அந்தத் தந்துகிகளில் இருக்கும் இரத்தம் வெறும் 70 மில்லி அளவுதான். 70 மில்லியை 70 சதுர மீட்டரில் பரப்பினால் என்ன ஆகும்? கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரை விட, தரையில் மெல்லிசாகத் துடைத்த தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இரத்தத்தை அப்படி மெல்லிய ஏடாக விரித்துக் காற்றுக்குக் காட்டுகிறது நுரையீரல்.

ஆக்சிஜன் அந்தச் சுவரைக் கடப்பதற்கு எந்தப் பம்பும் இல்லை. அறையின் ஒரு மூலையில் கொளுத்திய ஊதுபத்தியின் மணம், காற்றே அசையாவிட்டாலும் மெல்ல மெல்ல எங்கும் பரவும் அல்லவா? அடர்த்தி அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத் துகள்கள் தாமாகவே நகர்வதற்கு விரவல் என்று பெயர். நுண்ணறையில் ஆக்சிஜன் அதிகம், உடலைச் சுற்றி வந்த இரத்தத்தில் குறைவு, எனவே அது உள்ளே போகிறது. கார்பன் டை ஆக்சைடு என்கிற கரியமில வாயு இரத்தத்தில் அதிகம், எனவே அது வெளியே வருகிறது. விரவல் மிகக் குறுகிய தூரத்தில்தான் வேகமாக நடக்கும், அதனால்தான் சுவர் அவ்வளவு மெலிந்திருக்க வேண்டியிருக்கிறது.

சுருக்கமாக: கிளைகள் காற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன, குமிழ்கள் பரப்பைக் கூட்டுகின்றன, மெல்லிய சுவர் தூரத்தைக் குறைக்கிறது. மீதியை விரவல் பார்த்துக்கொள்கிறது.

## ஆழமாக இழுத்தால் ஆக்சிஜன் ஏறுமா?

ஒரு சிவப்பணு நுரையீரல் தந்துகியைக் கடக்க ஓய்வில் முக்கால் நொடி ஆகிறது. அதில் முதல் கால் நொடியிலேயே அது ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டுவிடுகிறது, மீதி நேரம் உபரி. ஓடும்போது இரத்தம் வேகமாகப் பாய்ந்தாலும் சமாளிக்க முடிவது இந்த உபரியால்தான்.

ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதம். ஒரு மூலக்கூறில் நான்கு இருக்கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு. ஆரோக்கியமான ஒருவர் சாதாரணமாக மூச்சு விடும்போதே இந்த இருக்கைகளில் நூற்றுக்கு 97, 98 நிறைந்துவிடுகின்றன. நிறைந்த பேருந்தில் இன்னும் எத்தனை பேரை ஏற்ற முடியும்? ஆழமாக இழுத்தாலும் ஏறுவது மீதி இரண்டு மூன்று இருக்கைகள்தான். இரத்தத்தின் நீரில் கரைவதும் மிகச் சொற்பம். 100 மில்லி இரத்தம் சுமக்கும் சுமார் 20 மில்லி ஆக்சிஜனில் அப்படிக் கரைந்திருப்பது 0.3 மில்லி அளவே.

ஆழ்ந்த மூச்சு மனதை அமைதிப்படுத்தும், நாடித்துடிப்பைத் தணிக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை, நானும் செய்கிறேன். ஆனால் நலமாக இருப்பவருக்கு அது ஆக்சிஜனைக் கூட்டுவதால் வரும் பலன் இல்லை.

வெளியே விடும் காற்று முழுக்கக் கரியமில வாயு என்ற நம்பிக்கையும் இருக்கிறது. உள்ளே போகும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், வெளியே வருவதில் இன்னும் சுமார் 16 சதவீதம் இருக்கும். கரியமில வாயு 4 சதவீதம் அளவுதான். மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதிக் காப்பாற்ற முடிவது இதனால்தான்.

## குமிழ்கள் ஏன் ஒட்டிப்போவதில்லை?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நுண்ணறைகளின் உட்புறம் ஈரமாக இருக்கிறது. நீர்ப்பரப்புக்கு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளும் இழுப்பு உண்டு, சொட்டு உருண்டையாக நிற்பது அதனால்தான். இதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். குமிழ் சின்னதாக ஆக ஆக இந்த இழுப்பு அதை உள்நோக்கி அழுத்துவது கூடும். அப்படியானால் 0.2 மில்லி மீட்டர் குமிழ்கள் மூச்சை விடும் ஒவ்வொரு முறையும் சப்பென்று மூடிக்கொள்ள வேண்டும், சின்னவை தம் காற்றைப் பெரியவற்றுக்குள் தள்ளிவிட்டுச் சுருங்கிப்போக வேண்டும்.

நடப்பதில்லை, ஏனென்றால் நுண்ணறைச் சுவரில் உள்ள சில செல்கள் சோப்பு போல வேலை செய்யும் கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு பொருளைச் சுரக்கின்றன. சர்ஃபாக்டன்ட் என்பது அதன் பெயர். அது நீர்ப்பரப்பில் படர்ந்து இழுப்பைத் தளர்த்துகிறது. அதைவிட அழகு, குமிழ் சுருங்கும்போது சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் நெருங்கி அடர்ந்து, இழுப்பை இன்னும் குறைக்கின்றன. எங்கே ஆபத்து அதிகமோ அங்கே அதன் வேலையும் அதிகம்.

1929-ல் கர்ட் வான் நீர்கார்ட் என்ற ஆய்வாளர், காற்றுக்குப் பதிலாகத் திரவத்தை நிரப்பினால் நுரையீரல் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே விரிவதைக் கண்டார். உள்ளே நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பு இல்லாமல் போனதும் அந்த இழுப்பும் இல்லாமல் போயிற்று. பல ஆண்டுகள் அது பெரிதாகக் கண்டுகொள்ளப்படவில்லை. 1959-ல் மேரி எல்லன் ஏவரி, ஜெரி மீட் இருவரும், குறைமாதத்தில் பிறந்து மூச்சுத்திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் இந்தப் பொருள் போதாமல் இருந்ததைக் காட்டினார்கள். கருவின் நுரையீரல் இதைப் போதிய அளவு சுரக்கக் கர்ப்பத்தின் கடைசி வாரங்கள் தேவைப்படுகின்றன, முன்கூட்டியே பிறந்த குழந்தையோ ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிப்போன குமிழ்களைப் பிரித்துத் திறக்கப் போராட வேண்டும். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்பே பிறந்து, இரண்டு நாள்கூட நிறையாமல் இந்த நோயால் இறந்தான். ஒரு நாட்டின் அதிபரால்கூட அன்றைக்குத் தன் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. 1980-ல் ஜப்பானில் ஃபுஜிவாரா குழுவினர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்துத் தயாரித்த சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளின் மூச்சுக்குழாய் வழியே செலுத்தி வெற்றி கண்டார்கள். இன்று குறைமாதக் குழந்தைகளுக்கு இது வழக்கமான சிகிச்சை.

## காற்று போகும் இடத்துக்கு இரத்தமும் போக வேண்டும்

காற்று நிறைந்த நுண்ணறைக்கு இரத்தம் வராவிட்டால் காற்று வீண். இரத்தம் பாயும் நுண்ணறைக்குக் காற்று வராவிட்டால் இரத்தம் வந்தபடியே திரும்பும். பயணிகள் ஒரு மேடையில், ரயில் வேறு மேடையில் என்றால் இரண்டும் நிறைய இருந்தும் யாரும் ஊர் போய்ச் சேர முடியாதே.

இதை நுரையீரல் தானே சரிசெய்துகொள்கிறது. உடலின் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் இரத்தக் குழாய்கள் விரிந்து அதிக இரத்தத்தை வரவழைக்கும். நுரையீரலில் நேர் எதிர், ஆக்சிஜன் குறைந்த பகுதியின் குழாய்கள் சுருங்கி, இரத்தத்தை நல்ல காற்றோட்டமுள்ள பகுதிக்குத் திருப்பிவிடுகின்றன. 1946-ல் வான் ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் என்ற இரு சுவீடன் ஆய்வாளர்கள் இதை விளக்கி எழுதினார்கள். தீவிர நுரையீரல் பாதிப்பு உள்ளவர்களைக் கொரோனா காலத்தில் குப்புறப் படுக்க வைத்ததும் இதே பொருத்தத்துக்காகத்தான். அப்படிப் படுக்கும்போது முதுகுப் பக்கம் அமுங்கிக் கிடந்த நுண்ணறைகள் திறக்கின்றன, இரத்தம் ஏற்கெனவே அங்கே தாராளமாகப் பாய்ந்துகொண்டிருக்கிறது.

## மூச்சு முட்டுவது எதனால்?

மூச்சை அடக்கினால் ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் போவது ஆக்சிஜன் தீர்ந்ததால் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது கரியமில வாயு சேர்ந்ததன் அறிகுறி. அது கூடும்போது இரத்தமும் மூளையைச் சுற்றியுள்ள திரவமும் சற்று அமிலத்தன்மை பெறுகின்றன, மூளையின் அடிப்பகுதியான முகுளம் அதை உணர்ந்து "மூச்சு விடு" என்று விரட்டுகிறது. பத்து நொடி அடக்கும் சோதனை எதையும் சொல்லாததற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு நேரம் தாங்குகிறோம் என்பது பெரும்பாலும் கரியமில வாயுவைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம், தொற்று இருக்கிறதா என்பதை அது காட்டாது.

இதில் உயிருக்கே ஆபத்தான ஒரு தவறு உண்டு. நீருக்கடியில் அதிக நேரம் இருக்க வேண்டும் என்று, மூழ்குவதற்கு முன் சிலர் வேக வேகமாக ஆழ்ந்து மூச்சு விடுகிறார்கள். ஆக்சிஜன் இருக்கைகள் ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்தவை, எனவே கூடுவது மிகச் சொற்பம். கரியமில வாயு மட்டும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கும், எச்சரிக்கை மணி அடிக்காது, மூச்சு முட்டும் உணர்வே இல்லாமல் நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், செய்பவர்களைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள்.

## அப்போது பயிற்சி என்னதான் செய்கிறது?

உடற்பயிற்சி வளர்ந்தவர்களின் நுண்ணறைகளைப் பெருக்குவதில்லை. நலமாக இருக்கும் பெரும்பாலோருக்கு ஓடும்போது முதலில் எல்லையைத் தொடுவது இதயம் அனுப்பும் இரத்தத்தின் அளவு, நுரையீரலுக்கு அப்போதும் கையிருப்பு இருக்கும். தொடர்ந்து பயிற்சி செய்தால் இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தம் அனுப்புகிறது, தசைகள் வந்த ஆக்சிஜனை நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கின்றன, மூச்சுத் தசைகளும் சீக்கிரம் களைப்பதில்லை. "நுரையீரல் பலமாகிவிட்டது" என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு இவைதான்.

பரப்பு போய்விட்டால் என்ன ஆகும் என்பதை எம்ஃபிசீமா என்ற நோய் காட்டுகிறது. பல ஆண்டுப் புகைப்பழக்கம் இதன் முதன்மைக் காரணம். நுண்ணறைகளுக்கு இடையிலுள்ள சுவர்கள் அரித்து உடைந்து, பல சின்னக் குமிழ்கள் சேர்ந்து ஒரு பெரிய பையாகின்றன. ரப்பர் போன்ற மீள்தன்மையும் போய்விடுவதால் காற்று உள்ளேயே தேங்கி, நுரையீரல் வழக்கத்தை விடப் பெரிதாக உப்பி நிற்கும். அளந்து பார்த்தால் மொத்தக் கொள்ளளவு சராசரியை விடக் கூடுதலாகவே இருக்கலாம். ஆனால் நோய் முற்றியவரால் இரண்டு மாடி ஏற முடியாது. மூச்சை விடும்போது உதட்டைக் குவித்து மெல்ல ஊதுவார். அப்படி ஊதினால் வழியில் சற்று அழுத்தம் நின்று, சின்னக் காற்றுக் குழாய்கள் மூடிக்கொள்ளாமல் திறந்திருக்கும், தேங்கிய காற்றில் கொஞ்சமாவது வெளியே போய் அடுத்த மூச்சுக்கு இடம் கிடைக்கும்.